கரடி பொம்மைக்குக் கண் வைப்பது



நாம் ஆசையோடு தைத்துக் கொடுத்த கரடி பொம்மையைக் குழந்தை சில வேளைகளில் பின்புறமாகத் திருப்பி வைத்துக் கொஞ்சும். குற்றம் குழந்தையுடையதன்று. கறுப்புத் துணியில் கறுப்புப் பொத்தானைக் கண்ணாகத் தைத்துவிட்டோம். மாலை மங்கலில் முகம் எது, முதுகு எது என்று பெரியவர்களுக்கே தெரியாது. கண்ணைச் சுற்றி மாற்று நிறம் ஒன்று வேண்டும்.

இந்தப் பொம்மைக்கு ‘டெடி’ என்ற பெயர் வந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1902-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போன இடத்தில், கட்டி வைத்திருந்த கரடியைச் சுட மறுத்தார். அவருடைய செல்லப்பெயர்தான் டெடி. அந்த நாளைய பொம்மைகள் பலவற்றுக்குக் காலணிப் பொத்தானே கண். உடம்பு வெளிர் நிறமாக இருந்ததால் அது எடுப்பாகத் தெரிந்தது.

நம் நாட்டுக் காட்டிலுள்ள சூரியக் கரடியோ நல்ல கறுப்பு. ஆனால் அதன் மூக்கும் வாயும் வெளிறிய நிறம். அந்த வெளிறல் கண்ணருகே வரை ஏறியிருக்கும். ஆகவே கறுப்புக் கரடி தைப்பவர்கள் முகத்தின் முன்பகுதியை மட்டும் சந்தன நிறத் துணியில் வெட்டினால் பாதி வேலை முடிந்தது. பாண்டா இதற்கு நேர்மாறு: வெள்ளை முகம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. 2014 முதல் 2025 வரை உலு கிள்ளானில் உள்ள தேசிய மிருகக்காட்சி சாலையில் இரண்டு பாண்டாக்கள் இருந்தன. அவற்றைப் பார்த்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். அந்தக் கறுப்பு வட்டமாக இராது; வெளிப்பக்கம் கீழே சரிந்த முட்டை வடிவம். வட்டமாக வெட்டி நேராக ஒட்டினால் பாண்டா மூக்குக் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கமோ பிரிக்பீல்ட்ஸ் பக்கமோ போகும்போது, தையல் சாமான் கடையில் ‘ஃபெல்ட்’ துணி கேளுங்கள். வெட்டிய ஓரம் பிரியாது. கறுப்புக் கண் 1 செ.மீ. என்றால், அடியில் வைக்கும் வெள்ளைத் துண்டு ஒன்றரை செ.மீ. இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கரடி மிரண்டு விழிப்பதுபோல் இருக்கும். உடனே தைத்துவிடாதீர்கள். குண்டூசியால் குத்தி வைத்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள். கண் சற்றுத் தாழ்ந்து, விலகி இருந்தால் குட்டியின் முகம். மேலேறி நெருங்கினால் கிழட்டு முகம். பார்த்தபின் குண்டூசிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.

சிற்பிகள் விக்கிரகத்துக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். துணிக் கரடிக்கு அப்படியன்று. பஞ்சு அடைப்பதற்கு முன்பே, முகத்துணி தட்டையாக இருக்கும்போதே கண்ணைத் தைத்துவிட வேண்டும்; முடிச்சு உட்புறம் மறைந்துவிடும். வெள்ளைத் துண்டை ஓரமெங்கும் நெருக்கமாகத் தைத்து, அதன் நடுவில் கறுப்பு நூலால் நிரப்பித் தையுங்கள். கறுப்பின் மேல் ஓரத்தில் வெள்ளை நூலில் ஒரே ஒரு புள்ளி. இரண்டு கண்ணிலும் அது ஒரே பக்கம் இருக்கட்டும். இந்தப் புள்ளி விழுந்ததும் பொம்மை நம்மைப் பார்ப்பதுபோல் தோன்றும்!

நூலால் தைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள். கடித்து இழுத்த பொத்தான் கழன்று தொண்டையில் அடைத்தால், சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு கெட்டியாகத் தைத்தாலும் சிறு பிள்ளையின் பொம்மைக்குப் பொத்தான் வேண்டாம், பாசிமணியும் வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது தூளியிலோ தொட்டிலிலோ எந்தப் பொம்மையையும் போடாதீர்கள். முகத்தில் விழுந்து மூச்சை மறைக்கும். விழித்திருக்கையில் நாம் கையில் பிடித்துக் காட்டலாம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெரியும். அதிலும் கறுப்பும் வெள்ளையும்போல அழுத்தமான வேறுபாட்டைத்தான் கண் முதலில் பிடிக்கும்.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். அந்த வட்டாரத்தில் வெள்ளைக் கோல் ஏந்தி நடப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மங்கலாகப் பார்வை உள்ள பிள்ளைக்கும் இந்தக் கறுப்பு வெள்ளைக் கண் தட்டுப்படும். பார்வையே இல்லாத பிள்ளைக்கு விரல்தான் கண். அதற்குத் தைக்கும்போது கறுப்பு நூலை இரண்டு மூன்று அடுக்காக ஏற்றி, மேடாக நிற்கும்படி செய்யுங்கள்.

தைக்குமுன் கறுப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால், முதல் சலவையிலேயே கரடி மை கரைந்து அழுத முகத்தோடு கொடியில் தொங்கும்.