களனி ஆற்றங்கரையில் மாறிய வாசகர் சுவை

கொழும்பில், களனி ஆற்றின் தென்புறத்தில் உள்ள கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவரும், 1930இல் தொடங்கப்பட்ட வீரகேசரி நாளிதழ், 1970களில் நாவல்களையும் மலிவு விலையில் வெளியிடத் தொடங்கியபோது, ஈழத்து வாசகரின் சுவை எதை நாடும் என்பது வெளிப்படையாகச் சோதிக்கப்பட்டது. அதுவரை தமிழகச் சஞ்சிகைகளின் தொடர்கதைகளிலே பெரிதும் திளைத்திருந்த அவ்வாசகர், இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட அக்காலத்தில், தம் மண்ணின் மாந்தரைக் கதைகளில் தேடினர்.

இவ்வரிசையில் வந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', வன்னிக் காட்டோரத்துத் தண்ணிமுறிப்பில் வளரும் பதஞ்சலி என்னும் பெண்ணை நடுவில் நிறுத்தியது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கடற்கரை மீனவரின் காதலையும் பகையையும் சொல்லி, 1978இல் திரைப்படமாகவும் வந்தது. ஒரு நிலப்பகுதியின் பேச்சு, தொழில், வழக்கம் ஆகியவற்றைக் கதையின் உயிராகக் கொள்ளும் இவ்வகையை வட்டார நாவல் என்பர்.

வன்னிக் காட்டையும் நெடுந்தீவுக் கடலையும் காணாத கொழும்புத் தெருக்களிலிருந்தும் படிக்கத்தக்கவையாக இவை அமைந்ததற்குக் காதல்கதையின் விறுவிறுப்பை இவை கைவிடாததே முக்கிய காரணம் எனலாம். வாசகர் பழைய சுவையைத் துறந்துவிடவில்லை. பதஞ்சலியின் கள்ளமின்மையில் மனம் பறிகொடுத்தபடியே, அவள் வாழ்ந்த காட்டையும் அறிந்துகொண்டனர்.