95க்கும் 16க்கும் ஒரே எடை

225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 95 இடம் பிடித்த கட்சிக்கும் 16 இடம் பிடித்த கட்சிக்கும் பலம் ஒன்றுதான் என்றால் நம்புவீர்களா? 2015 ஆகஸ்ட் தேர்தலுக்குப் பிறகு இலங்கையில் கணக்கு அப்படித்தான் நின்றது.

உள்நாட்டுப் போர் ஓய்ந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. ரணில் விக்கிரமசிங்கவின் ஐக்கிய தேசிய முன்னணிக்கு 106 இடம். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் சுதந்திர முன்னணிக்கு 95. தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16. மக்கள் விடுதலை முன்னணிக்கு 6, இன்னும் இரு கட்சிகளுக்குத் தலா 1. பெரும்பான்மைக்கு 113 வேண்டும்.

1946இல் லயனல் பென்ரோஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இதை அளக்க ஒரு வழி சொன்னார். தலைகளை எண்ணாதே, ஒரு கட்சி வந்து சேர்வதால் தோற்கிற அணி எத்தனை முறை ஜெயிக்கிறது என்று பார். 106உடன் 95 சேர்ந்தாலும் வெற்றி, 16 சேர்ந்தாலும் 122, அதுவும் வெற்றி. 106 இல்லாமல் 95உடன் சிறு கட்சிகளின் எட்டுப் பேரும் சேர்ந்தால் 103. 16உடன் சேர்ந்தால் 24. இரண்டுமே தோல்வி. எந்தக் கூட்டலிலும் 95ஆல் முடிவது 16ஆலும் முடிகிறது.

இப்போது இலக்கை 150 ஆக்குங்கள். அரசியலமைப்பை மாற்றத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு அது. 95ஐ விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் கூட்டினால் 130தான். இரு பெரிய கட்சிகளும் சேர்ந்தாலோ வேறு யாருமே வேண்டாம். 16இன் எடை பூஜ்ஜியம்! அதிகாரப் பகிர்வுக்கான புதிய அரசியலமைப்பை யார் உயிராக எதிர்பார்த்தார்களோ, அவர்களுடைய வாக்கு அந்த ஒரு விஷயத்தில் எதையும் தீர்மானிக்கவில்லை. கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் அமர்ந்து அரசுக்குத் தோள் கொடுத்தார். சாவி சிறிசேனவின் கையில் இருந்தது.

இரு பெரிய கட்சிகளும் கைகோர்த்த 'தேசிய அரசாங்கம்' இப்படித்தான் பிறந்தது. அமைச்சரவையில் 30 பேருக்கு மேல் கூடாது என்றது அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம். தேசிய அரசாங்கம் என்றால் மட்டும் விலக்கு. செப்டம்பரில் அந்த வரம்பு 48 வரை உயர்ந்தது. பதவி கொடுத்துக் கட்டிய கட்டு என்றே எனக்குப் படுகிறது. உண்மையான பசை முன்னாள் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ச மீதான பயம். சுதந்திர முன்னணியிலேயே ஒரு பெரும் பகுதி அவர் பக்கம் உட்கார்ந்திருந்தது. 2018 பிப்ரவரி உள்ளாட்சித் தேர்தலில் அவருடைய புதிய கட்சி பெருவெற்றி பெற்றதும் கணக்கு தலைகீழானது. எதிர்த்து நிற்பதைவிட அவரோடு சேர்வதே சிறிசேனவுக்கு லாபமாகத் தெரிந்தது.

அக்டோபர் 26 அன்று பிரதமர் ரணிலை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கினார்; நவம்பர் 9இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தற்காலிகமாக நிறுத்தியது. 16ஆம் தேதி சபாநாயகர் கரு ஜயசூரிய போலீஸ் பாதுகாப்போடுதான் அவைக்குள் வர முடிந்தது. மிளகாய்த் தூள் கரைசல் பறந்தது, நாற்காலிகள் பறந்தன. டிசம்பர் 12இல் ரணிலுக்கு ஆதரவாக 117 வாக்குகள். கூட்டமைப்பின் வாக்குகளைக் கழித்தால் 113ஐ எட்டாது. இலக்கு பெரும்பான்மைதான் என்பதால் அந்தச் சிறு கட்சியின் எடை திரும்பி வந்துவிட்டது. நாலரை ஆண்டுக்குள் கலைக்க முடியாது என்ற 19ஆவது திருத்தத்தின் விதியைக் காட்டி, மறுநாள் ஏழு நீதிபதிகளும் ஒருமித்துக் கலைப்பு செல்லாது என்றார்கள்.

புதிய அரசியலமைப்பு வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2020 அக்டோபரில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சவின் ஆட்சி அந்த 150ஐத் தாண்டி 156 வாக்குகள் திரட்டியது. 20ஆவது திருத்தம் நிறைவேறி, 19ஆவது திருத்தம் ஜனாதிபதியிடமிருந்து எடுத்த அதிகாரங்களில் பெரும்பாலானவை மறுபடி ஜனாதிபதியிடமே போயின.