கார் கதவுல புது ஸ்பீக்கர் மாட்டப்போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க பாஸ்!

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. உங்க கார் அதுக்கு நடுவுல. கண்ணாடியை ஏத்தியாச்சு, ஏ.சி-யும் போட்டாச்சு. இனி பாட்டுதான் துணை. வால்யூமைக் கொஞ்சம் கூட்டினதும் கதவு 'கொறகொற'ன்னு அதிருது, பாடகர் குரல் ஜலதோஷம் புடிச்ச மாதிரி கேட்குது. 'முதல்ல இந்த ஸ்பீக்கரை மாத்தணும்டா'ங்கிற முடிவு பெரும்பாலும் இப்படி ஒரு டிராஃபிக்லதான் எடுக்கப்படும்.

ராயபுரத்துல இருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குற பலருக்கும் சீட் கவருக்கு அடுத்த செலவு ஸ்பீக்கர்தான். ராயப்பேட்டை ஜி.பி. ரோடு போனா ஆயிரத்துச் சொச்சத்துல ஆரம்பிச்சு பல ஆயிரம் வரைக்கும் ஜோடி ஜோடியா அடுக்கி வெச்சிருப்பாங்க. அரை மணி நேரத்துல மாட்டியும் குடுத்துடுவாங்க. ஆனா, அந்த அரை மணி நேரத்துல உங்க கார் கதவுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா காசும் மிச்சம், காரும் மிச்சம். முக்கியமா, கடலோரத்துல கார் வெச்சிருக்கிறவங்களுக்கு இது ரொம்ப அவசியம்.

கதவு ஒரு ஈரமான அறை!

'கதவு நல்லா மூடியிருக்கு, உள்ளே எப்படித் தண்ணி போகும்?'னு கேட்கலாம். போகும். மழை பெய்யும்போது ஜன்னல் கண்ணாடியில வழியிற தண்ணியில ஒரு பகுதி, கண்ணாடியை ஒட்டியிருக்கிற ரப்பர் பட்டையைத் தாண்டி கதவுக்குள்ள இறங்கும். கார் தயாரிக்கிறவங்களுக்கே இது தெரியும். அதனாலதான் கதவின் அடிப்பகுதியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பாங்க. இறங்கின தண்ணி அது வழியா வெளியே போயிடும்.

அந்தத் தண்ணி உங்க கால் பக்கம் வராம தடுக்க, டோர் பேடுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டியிருப்பாங்க. ஸ்பீக்கர் மாட்டும்போது அவசரத்துல முதல்ல கிழிபடுறது இந்த ஷீட்தான். 'இது சும்மா பாலிதீன் கவர்தானே'ன்னு கழட்டிப் போட்டுட்டா, அடுத்த மழையில் கார் தரைவிரிப்பு நனையும், ஊறும், நாறும். துரு எங்கே இருந்து ஆரம்பிச்சதுன்னே தெரியாது. ஷீட்டைக் கிழிக்காம ஓரமா பிரிச்சு, வேலை முடிஞ்சதும் திரும்ப ஒட்டச் சொல்லுங்க. பழைய பசை ஒட்டலைன்னா, அதுக்குன்னே பியூட்டைல் டேப் கிடைக்கும்.

சத்தம் எங்கே காணாமப்போகுது?

ஸ்பீக்கரின் கூம்பு முன்னாடி தள்ளும்போது உங்க பக்கம் ஓர் அலை வரும். அதே நேரத்தில் பின்பக்கம் நேர் எதிரான ஓர் அலை போகும். இந்த ரெண்டும் ஒண்ணையொண்ணு சந்திச்சா, குறிப்பா பேஸ் ஒலியில், ஒன்றை ஒன்று அழித்துவிடும். வீட்டு ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள்ள வைக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். கார்ல அந்தப் பெட்டி வேலையைச் செய்யுறது கதவுதான்.

கதவின் உள் தகட்டுல பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரைச் சுற்றி இடைவெளியும் இருந்தா, பின்னாடி போன அலை சுத்தி முன்னாடி வந்துடும். 8,000 ரூபா ஸ்பீக்கர் 800 ரூபா ஸ்பீக்கர் மாதிரி கேட்கிறது பெரும்பாலும் இதனாலதான். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு ஃபோம் வளையம், வெளித்தகட்டின் உள்பக்கம் கொஞ்சம் டேம்பிங் ஷீட்... இந்த ரெண்டுக்கும் ஆகிற செலவு, அடுத்த விலை ஸ்பீக்கருக்குப் போறதைவிட அதிகமான வித்தியாசத்தைக் காதுக்குக் காட்டும். கதவு முழுக்க ஷீட் ஒட்டணும்னு இல்லை. தட்டிப் பார்த்து, 'டொங்'னு தகரம் மாதிரி கேட்கிற இடங்கள்ல ஒட்டினாலே போதும். ஒட்டும்போது அடியில இருக்கிற தண்ணி ஓட்டைகளை மட்டும் அடைச்சுடாதீங்க. அடைச்சா கதவு தொட்டியாயிடும்.

பெட்டியில போட்டிருக்கிற '300 வாட்ஸ்'

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கிற 'மேக்ஸ்' வாட்ஸை மறந்துடுங்க. அது ஒரு நொடிக்கும் குறைவா தாங்குற அளவு. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தாங்குற அளவு.

அதேபோல, உங்க ஸ்டீரியோவுல '50 வாட்ஸ் x 4'னு எழுதியிருந்தாலும், தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் தருவது பெரும்பாலும் 15-லிருந்து 20 வாட்ஸ்தான். கார் பேட்டரி லைன்ல கிடைக்கிறது சுமார் 14 வோல்ட். அதை வெச்சு 4 ஓம் ஸ்பீக்கருக்கு நேரடியா அதுக்கு மேல பெருசா தள்ள முடியாது.

அப்போ என்ன பார்த்து வாங்குறது? 'சென்சிடிவிட்டி'ன்னு டெசிபல்ல ஒரு எண் இருக்கும். 87 டெசிபல் ஸ்பீக்கர் தரும் அதே சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் பாதி பவரிலேயே தந்துவிடும். ஆம்ப் போடாதவங்களுக்கு இந்த எண்தான் முக்கியம். சில கம்பெனிகள் அளக்கிற முறையே வேற. அதனால ஒரே கம்பெனியின் ரெண்டு மாடல்களை ஒப்பிடும்போது இது நல்லா உதவும்.

அடுத்து, கோ-ஆக்ஸியலா, காம்போனென்ட்டா? ட்வீட்டர் நடுவிலேயே பொருந்தியிருந்தா கோ-ஆக்ஸியல். பழைய இடத்துல அப்படியே மாட்டிடலாம், விலையும் கம்மி. ட்வீட்டர் தனியா வந்தா காம்போனென்ட். அதை டேஷ்போர்டு பக்கமா மேலே வைக்கிறதால பாட்டு கால் பக்கம் இருந்து வராம, கண்ணுக்கு நேரா இருந்து வர்ற மாதிரி இருக்கும். பட்ஜெட் கம்மின்னா முன் கதவுகளுக்கு மட்டும் நல்லதா ஒரு ஜோடி போடுங்க. பின்சீட் பிறகு பார்த்துக்கலாம்.

அளவெடுக்கும்போது அகலத்தை மட்டும் பார்க்காதீங்க. நிறைய கார்களின் முன் கதவில் ஆறரை இன்ச் இருக்கும். ஆனா ஆழம் காருக்கு கார் மாறும். கண்ணாடியை முழுசா இறக்கிட்டு, ஸ்பீக்கரின் காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இடம் இருக்கான்னு பாருங்க. கடையில கண்ணாடி ஏத்தின நிலையில மாட்டிட்டு, வீட்டுக்கு வந்து இறக்கும்போது 'டக்'குனு முட்டுறதெல்லாம் உண்டு.

ஒயரை வெட்டாம வேலை நடக்கும்

ஒரிஜினல் ஒயரை வெட்டி, புது ஒயரோட முறுக்கி, மேல டேப் சுத்துற பழக்கம் இன்னும் போகலை. வெயில்ல டேப்பின் பசை உருகும். கதவு ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் ஒயர் ஆடும். ஒருநாள் டேப் கழன்று ரெண்டு முனையும் உரசினா, ஸ்டீரியோவின் அவுட்புட்டே போயிடலாம். உங்க கார் மாடலுக்குன்னே பொருந்துற கப்ளர் சில நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். வெட்டாம சொருகிக்கலாம். காரை விற்கும்போது பழைய ஸ்பீக்கரை அப்படியே திரும்ப மாட்டலாம். வாரன்டியில் இருக்கிற காரா இருந்தா ஒயரை வெட்டவே விடாதீங்க. பின்னாடி எலெக்ட்ரிக்கல் பிரச்னைன்னு போய் நின்னா, அந்த வெட்டைத்தான் முதல்ல காட்டுவாங்க.

பிளஸ், மைனஸ் மாறினா என்ன ஆகும்? ஸ்பீக்கர் கெடாது. ஆனா ஒரு பக்கம் கூம்பு முன்னாடி வரும்போது மறுபக்கம் பின்னாடி போகும். பேஸ் காணாமப்போயிடும். டெஸ்ட் ரொம்ப சிம்பிள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுற 1.5 வோல்ட் பேட்டரி ஒண்ணு எடுத்து, பிளஸ்ஸை பிளஸ்ஸோட ஒரு நொடி தொட்டா கூம்பு முன்னாடி வரணும். பின்னாடி போனா ஒயர் மாறியிருக்குன்னு அர்த்தம்.

தனியா ஆம்ப் போடுறவங்க ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. பேட்டரியில இருந்து வர்ற பவர் ஒயர்ல, பேட்டரிக்குப் பக்கத்திலேயே, சுமார் 45 சென்டிமீட்டருக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். ஃபியூஸ் ஆம்ப் பக்கத்துல மட்டும் இருந்தா, நடுவுல ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது ஒயரைக் காப்பாத்தாது. தீ பிடிக்கிற வாய்ப்பு அங்கேதான் இருக்கு.

உப்புக்காத்து ஸ்பெஷல்

காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் கடல் பக்கத்துலேயே இருக்கு. உப்புக்காத்து கேட் கம்பியையும் சைக்கிள் செயினையும் என்ன பண்ணும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவுக்குள்ளயும் அதேதான்.

அதனால, காகிதக் கூம்பைவிட பாலிபுரொப்பிலீன் கூம்பு நம்ம பக்கத்துக்குத் தோதானது. கூம்பைச் சுற்றி இருக்கிற வளையம் ஃபோமா இருந்தா ஈரத்துல சில வருஷத்துலேயே உதிரும். ரப்பர்னா நீடிக்கும். ஸ்பீக்கரை உயர்த்த வைக்கிற வளையத்துக்கு எம்.டி.எஃப் பலகை வேண்டாம். தண்ணி பட்டா பிஸ்கட் மாதிரி ஊதிடும். பிளாஸ்டிக் வளையம் கேளுங்க. ஸ்க்ரூ துருப்பிடிக்காத ஸ்டீலா இருக்கட்டும்.

விலை மலிவான ஒயர்கள் பலதும் செம்பு முலாம் பூசின அலுமினியம். ஈரக்காத்துல சீக்கிரம் பொடியாகும். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்க. வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளைன்னா அது அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே செம்புன்னா வெள்ளீயம் பூசின செம்பு ஒயர். படகுகளில் பயன்படுத்துறதும் இந்த வகைதான். நமக்கும் இதுதான் பெஸ்ட்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தப்போ வடசென்னையில பல கார்கள் கதவு உயரத்துக்குத் தண்ணியில நின்றன. எண்ணூர் பக்கம் அந்தத் தண்ணியில எண்ணெயும் கலந்திருந்தது. அப்படி மூழ்கி எழுந்த கார்னா, ஸ்பீக்கர் பாடுதேன்னு விட்டுடாதீங்க. டோர் பேடைக் கழட்டி, கப்ளரைத் துடைச்சு, காயவிட்டு, அடி ஓட்டைகள்ல சேறு அடைச்சிருக்கான்னு பாருங்க. இந்தப் பக்கம் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்களுக்கும் இது ஒரு டிப்ஸ். ஸ்பீக்கர் மாட்ட டோர் பேடைத் திறக்கும்போது உள்ளே சேற்றுக்கோடு தெரிஞ்சா, அந்த கார் வெள்ளம் பார்த்த கார்.

ஏர்பேக் இருக்கிற கதவா?

பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிற கார்கள்ல சிலவற்றில், கதவுக்குள்ள காற்றழுத்தத்தை அளக்கிற சென்சார் இருக்கும். பக்கத்துல இருந்து வண்டி மோதினா கதவு நசுங்கி, உள்ளே காற்றழுத்தம் சட்டுனு ஏறும். அதை வெச்சுத்தான் ஏர்பேக்கை விரியச் சொல்லும். அந்தக் கதவுல ஷீட்டைக் கிழிச்சாலோ, புதுசா ஓட்டை போட்டாலோ அந்தக் கணக்கு தப்பலாம். உங்க காரில் எந்த வகை சென்சார்னு சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டு வேலையை ஆரம்பிங்க. ஏர்பேக் ஒயர் இருக்கிற கதவுல கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி இணைப்பைக் கழட்டிட்டு, மேனுவல்ல சொல்லியிருக்கிற நேரம் காத்திருக்கணும்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு விஷயம் இருக்கு. நீங்களா மாட்டின மியூசிக் சிஸ்டம், பாலிசியில் தனியா குறிப்பிட்டு கூடுதல் பிரீமியம் கட்டினாதான் கவர் ஆகும். புதுப்பிக்கும்போது பில்லைக் காட்டிச் சேர்த்துக்கோங்க.

காதுக்கும் ஒரு கணக்கு இருக்கு

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம்ங்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. 3 டெசிபல் கூடினா நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி நேரம், 91-ல் 2 மணி நேரம், 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் வெறும் 15 நிமிஷம்!

எண்ணூர், மணலி பக்கம் தொழிற்சாலையிலயோ, துறைமுக யார்டுலயோ ஷிஃப்ட் பார்க்கிற பசங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் டைட். மெஷின் சத்தத்திலேயே அன்னிக்குக் காதுக்கான கோட்டா காலியாகியிருக்கும். வீட்டுக்குப் போற முக்கால் மணி நேரமும் ஃபுல் வால்யூம்னா, காதுக்கு ஓய்வே கிடைக்காது. வேலை முடிஞ்சதும் காதுக்குள்ள 'ங்ஙொய்'னு ஒரு ரீங்காரம் கேட்டா, அன்னிக்கு ஸ்டீரியோவுக்கு லீவு விடுங்க.

இன்னொண்ணு, ரோட்டுல. ட்ரெய்லர் லாரி டிரைவருக்குத் தன் இடது பக்கம் ஒட்டி வர்ற சின்ன கார் கண்ணாடியில தெரியாத இடங்கள் உண்டு. அந்த நேரத்துல உங்களைக் காப்பாத்துறது அவர் அடிக்கிற ஹார்ன்தான். அது உங்களுக்குக் கேட்கணும். ஆம்புலன்ஸ் சைரனும்தான். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அனுமதின்னு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லுது. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தெருவுக்குள்ள நுழையும்போதே வால்யூமைக் குறைச்சுடுங்க.

டெலிவரி எடுக்கும்போது 5 நிமிஷ செக்

கடைக்காரர் சாவியைக் குடுக்கும்போது உடனே கிளம்பிடாதீங்க. நாலு கண்ணாடியையும் முழுசா இறக்கி ஏத்துங்க. உள்ளே இருந்து கதவு லாக், திறக்குற கைப்பிடி வேலை செய்யுதான்னு பாருங்க. பேலன்ஸை இடது, வலதுன்னு மாத்தி ரெண்டு பக்கமும் ஒரே அளவு கேட்குதான்னு கவனிங்க. பேஸ் அதிகமா இருக்கிற ஒரு பாட்டைப் போட்டு, டோர் பேட் மேல உள்ளங்கையை வைங்க. அதிர்வு வந்தா எந்த கிளிப் உட்காரலைன்னு அங்கேயே காட்டிச் சரிபண்ணிக்கோங்க. டேஷ்போர்டுல ஏர்பேக் விளக்கு எரிஞ்சுட்டே இருந்தா வண்டியை எடுக்காதீங்க.

கடைசியா, ஒரு பாட்டில் தண்ணியை ஜன்னல் கண்ணாடி மேல வெளிப்பக்கமா மெதுவா ஊத்துங்க. தண்ணி கதவுக்கு அடியில சொட்டினா வேலை கரெக்ட். உள்ளே கால் பக்கம் ஈரமானா, பேடைத் திரும்பக் கழட்டச் சொல்லுங்க. கழட்டிய பழைய ஸ்பீக்கர்களையும் மறக்காம வாங்கிட்டு வாங்க. அது உங்க காசுதான்!