புளியறையிலிருந்து உலகுக்கு ஒரு பக்கம்



புளியறை என்றதும் வெளியூராருக்கு நினைவில் வருவது சோதனைச்சாவடிதான். கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோருக்குத் தமிழகத்தின் கடைசி ஊர்களுள் ஒன்று இது. இங்கிருந்து மலையேறினால் கோட்டைவாசல். அதனைத் தாண்டினால் ஆரியங்காவு, கேரளம். லாரிகள் இரவும் பகலும் வந்து நின்று, தாள்களைக் காட்டிவிட்டுப் போய்விடுகின்றன. ஊரைப் பற்றி அவர்கள் அறிந்தது அவ்வளவே.

ஆனால் இவ்வூரில் பிறந்து வளர்ந்த ஒரு சிறுமியைக் கேட்டுப் பாருங்கள். ஆனி, ஆடியில் கணவாய் வழியே மேகம் எப்படி இறங்குகிறது, முதற்சாரல் எந்த வயலில் விழுகிறது, பகவதிபுரம் நிலையத்திலிருந்து புறப்படும் இரயிலின் ஓசை எந்தத் தெருவரை கேட்கிறது, பாட்டி காலத்தில் சந்தை எங்கே கூடியது என்றெல்லாம் சொல்வாள். இவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் எழுதினால்தான் உண்டு. எழுதியதை உலகின் எந்த மூலையில் இருப்பவரும் படிக்கும்படி செய்யவும் இன்று வழி இருக்கிறது. அதற்கு அவள் கற்க வேண்டிய சிறு கலையே எச்.டி.எம்.எல். எனப்படுவது. அதனை எளிய முறையில் இங்கே காண்போம்.

சிவப்பு மையும் அடையாளக் குறிகளும்

இந்த ஆண்டுமலருக்கு நீங்கள் கட்டுரை எழுதித் தருகிறீர்கள். பொறுப்பாசிரியை அதனை அப்படியே அச்சகத்திற்கு அனுப்பிவிடுவதில்லை. சிவப்பு மையால், 'இது தலைப்பு, பெரிய எழுத்தில் வர வேண்டும்', 'இங்கே புதிய பத்தி', 'இவ்விடத்தில் படம்' என்று ஓரத்தில் குறித்து அனுப்புகிறார். அச்சுக் கோப்பவர் அக்குறிகளைப் படித்து, அவை சொன்னபடி செய்கிறார். ஆனால் அச்சான மலரில் அந்தச் சிவப்புக் குறிகள் தெரிவதில்லை. அவற்றின் பயன் மட்டுமே தெரிகிறது.

எச்.டி.எம்.எல். என்பதும் இத்தகைய சிவப்பு மைதான். நாம் எழுதும் செய்திக்கு இடையிடையே சில குறிகளை இடுகிறோம். உலாவி எனப்படும் செயலி அச்சுக் கோப்பவரைப் போல் அவற்றைப் படித்து, பக்கத்தை அழகுற அமைத்துத் திரையில் காட்டுகிறது. இது கணக்குப் போடும் கடினமான நிரல் மொழி அன்று. எது தலைப்பு, எது பத்தி என்று தெளிவாகச் சிந்திக்கத் தெரிந்தவர் எவரும் இதனைக் கற்கலாம்.

இதனை உருவாக்கியவர் ஆங்கிலேயரான டிம் பெர்னர்ஸ் லீ. ஜெனிவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றி வந்தார். பல நாட்டு அறிஞர்கள் பலவகைக் கணினிகளில் எழுதி வைத்த குறிப்புகளை ஒருவருக்கொருவர் படிக்க இயலாமல் இருந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க, 1989ஆம் ஆண்டு ஒரு திட்டத்தை எழுதி அளித்தார். 1991இல் அவர் வெளியிட்ட முதற்பட்டியலில் பதினெட்டுக் குறிகளே இருந்தன. அவருடைய அன்னை மேரி லீ உட்ஸ் என்பவரும், மான்செஸ்டரில் உருவான பெராண்டி மார்க் 1 என்னும் பழைய கணினிக்கு நிரல் எழுதிய பெண்மணி ஆவார்.

இங்கு நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்றுண்டு. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், செர்ன் நிலையம் இவ்வலையின் அடிப்படை மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியது. மேலும், பெர்னர்ஸ் லீ செய்த முதல் உலாவியிலேயே படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். படிப்பவரே எழுதுபவராகவும் இருக்க வேண்டும் என்பதே தொடக்கக் கால நோக்கம். நாமோ இன்று கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். பந்தியில் உட்காரத் தெரிந்த நாம் அடுப்படிக்குள்ளும் நுழைந்து பார்க்க வேண்டாமா?

முதல் பக்கம்

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பள்ளிக் கணினி அறையிலுள்ள பழைய கணினியே போதும். இணைய இணைப்பும் தேவையில்லை. நோட்பேட் என்னும் சாதாரண எழுதுபலகையும் ஓர் உலாவியும் இருந்தால் பழகலாம்.

ஒவ்வொரு குறியும் கணக்குப் பாடத்தில் வரும் 'சிறியது', 'பெரியது' அடையாளங்களுக்கு நடுவே எழுதப்படும். பெரும்பாலான குறிகள் இரட்டையாக வரும். தொடங்குமிடத்தில் ஒன்று, முடியுமிடத்தில் சாய்கோட்டுடன் மற்றொன்று. கணினியில் இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் தட்டெழுத வேண்டும். இங்கு அவற்றின் ஒலியைத் தமிழில் தருகிறேன்:

<எச்1>எங்கள் ஊர் புளியறை</எச்1>
<பி>மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் எங்கள் ஊர் இருக்கிறது.</பி>

முதல் வரி தலைப்பு. இரண்டாம் வரி பத்தி. தலைப்புகள் எச்1 முதல் எச்6 வரை ஆறு படிகளாக உள்ளன. எச்1 பக்கத்தின் பெயர்; எச்2 அதன் உட்தலைப்பு. இவ்வாறு எழுதி முடித்தபின், கோப்புக்கு 'இன்டெக்ஸ்' எனப் பெயரிட்டு, ஒரு புள்ளி வைத்து, எச்.டி.எம்.எல். என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்துச் சேமிக்க வேண்டும். அப்போது கோப்பின் வகையில் 'எல்லாக் கோப்புகளும்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறவாதீர்கள். மறந்தால் நோட்பேட் தன் வழக்கமான வாலைப் பெயரின் பின்னால் ஒட்டிவிடும். உலாவி அதனை வெறும் எழுத்தாகவே காட்டும். புதிதாய்க் கற்போர் பலர் முதல் நாளில் இடறி விழும் இடம் இதுவே.

இப்போது கோப்பை இருமுறை சொடுக்கினால் உலாவி திறந்து உங்கள் பக்கத்தைக் காட்டும். தலைப்புக் குறியை முடிக்க மறந்து பாருங்கள். பின்வரும் பத்திகளும் பெரிய எழுத்தில் தடித்து நிற்கும். உலாவி நம்மைக் கடிந்துகொள்வதில்லை. பிழையைச் சுட்டிக்காட்டுவதும் இல்லை. ஊகித்து ஏதோ ஒன்றைக் காட்டிவிடும். ஆகவே நம் பிழையை நாமே தேடித் திருத்த வேண்டும். திறந்த கதவைச் சாத்தும் பழக்கம் இங்கும் வேண்டும்.

தமிழ் தெரிய வேண்டுமே!

பக்கத்தின் தொடக்கத்தில், 'ஹெட்' என்னும் தலைப்பகுதிக்குள் ஒரு வரி எழுத வேண்டும். 'மெட்டா' என்ற குறிக்குள், 'சார்செட்' என எழுதி, சமக்குறி இட்டு, யூ.டி.எப்.-8 என்று குறிப்பதே அவ்வரி. இவ்வொரு வரியின் பின்னே பெரியதொரு வரலாறு இருக்கிறது.

தமிழின் முதல் வலைப்பக்கம் 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் உருவாயிற்று. அந்நாட்டின் கவிதைகளை நான்கு மொழிகளிலும் வலையேற்றியபோது, தமிழ்ப் பகுதியை அமைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. அக்காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒருவர் 'அம்மா' என்று எழுதி அனுப்பினால், அதே எழுத்துரு இல்லாதவரின் திரையில் பொருளற்ற கிறுக்கல்களே தோன்றும். இக்குறையைப் போக்க அவரும் உலகெங்குமுள்ள தமிழ் ஆர்வலர்களும் பல்லாண்டுகள் பாடுபட்டனர். 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடும், 1998இல் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் அம்முயற்சியின் மைல்கற்கள்.

இன்று யூனிகோடு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான எண் உண்டு. அகரத்தின் எண் 2949. 'புளியறை' என்பது நமக்கு நான்கெழுத்து. கணினிக்கோ அது ப, உகரக் குறி, ள, இகரக் குறி, ய, ற, ஐகாரக் குறி என ஏழு எண்கள், யூ.டி.எப்.-8 முறையில் எண்ணுக்கு மூன்றாக, மொத்தம் 21 பைட்டுகள். இந்த எண்களை எந்த முறைப்படி படிக்க வேண்டும் என்று உலாவிக்குச் சொல்வதே அந்த ஒற்றை வரி. அதனை விட்டுவிட்டால் புளியறை புரியாத கிறுக்கலாகிவிடக் கூடும்.

படமும் இணைப்பும்

படம் சேர்க்க ஐ.எம்.ஜி. என்னும் குறி உதவும். அதனுள் படக்கோப்பின் பெயரோடு, 'ஆல்ட்' என்ற இடத்தில் அப்படத்தைச் சொற்களால் விளக்க வேண்டும். பார்வையற்றோர் கணினியைப் பயன்படுத்தும்போது, திரையை வாசிக்கும் செயலி அவ்விளக்கத்தை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டும். 'படம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், 'நாற்று நட்ட வயலுக்கு அப்பால் மேகம் மூடிய மலை' என்று எழுதுங்கள். காண இயலாத ஒருவருக்கு நம் கண்ணை இரவல் தருவது போன்றது இது. அயலாரிடம் அன்பு காட்டக் கணினியிலும் இடம் உண்டு.

'ஏ' என்னும் குறி இணைப்புக்கு உரியது. ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்லும் வாயில் அது. உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து உங்கள் தோழி எழுதிய குற்றாலப் பக்கத்திற்கும், அங்கிருந்து மற்றொருத்தியின் செங்கோட்டைப் பக்கத்திற்கும் வழி அமைக்கலாம். இவ்வாறு கோத்துக்கொண்டே போவதால்தான் இதற்கு வலை என்று பெயர்.

நமக்கு வருமா?

'இதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு; நமக்கு வருமா?' என்று சிலர் தயங்கலாம். பெற்றோரும் அவ்வாறே எண்ணலாம். அமெரிக்காவைச் சேர்ந்த அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர், 1965ஆம் ஆண்டு தம் 51ஆம் வயதில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. பின்னர் அயோவா மாநிலத்தில் ஒரு கல்லூரியில் கணினித் துறையைத் தோற்றுவித்துப் பல்லாண்டுகள் நடத்தினார். 1995ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று வத்திக்கானின் இணையதளம் தொடங்கப்பட்டபோது, அப்பணியில் முன்னின்றவர் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி ஜூடித் சோபெலைன். அங்கிருந்த கணினிகளுக்கு ரபேல், மிக்கேல், கபிரியேல் என்று அதிதூதர்களின் பெயர்களை இட்டிருந்தனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையைப் பாருங்கள். சோகோ நிறுவனம் 2011ஆம் ஆண்டு தென்காசிப் பகுதியில் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. இன்று அந்தச் சிற்றூரில் இருந்தபடியே உலகம் பயன்படுத்தும் மென்பொருள்கள் உருவாகின்றன. கணினிக் கலை கற்பதற்காகவே ஊரை விட்டுப் போக வேண்டும் என்ற நிலை மாறிவிட்டது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். நாளொன்றுக்கு ஒரு குறியாகக் கற்றாலும் ஒரு மாதத்தில் முப்பது குறிகள் கைவசமாகும்.

கவனிக்க வேண்டியவை

நீங்கள் எழுதிய பக்கம் உங்கள் கணினியில் மட்டும் இருக்கும்வரை அதனை வேறெவரும் காண இயலாது. எந்நேரமும் இணையத்தோடு இணைந்திருக்கும் வழங்கி என்னும் கணினியில் அதனை ஏற்றினால்தான் உலகம் காணும். கிட்ஹப் போன்ற சேவைகள் இதற்குக் கட்டணமின்றி இடம் தருகின்றன. ஆனால் பெற்றோரின் இசைவும் ஆசிரியையின் பார்வையும் இல்லாமல் எதனையும் ஏற்றாதீர்கள். வீட்டு முகவரி, தொலைபேசி எண், உங்கள் நிழற்படம், பள்ளிக்கு வந்து போகும் நேரம் ஆகியவற்றை ஒருபோதும் எழுத வேண்டாம். ஊரைப் பற்றி எழுதலாம். வீட்டுக்கு வழி சொல்ல வேண்டாம். பிறர் எடுத்த படத்தை அவர் அனுமதியின்றிப் போடுவதும் தவறு.

மற்றொன்று, உங்கள் பக்கத்தின் படி ஒன்றை எப்போதும் உங்களிடமே வைத்திருங்கள். ஜியோசிட்டீஸ் என்னும் சேவையில் உலகெங்கும் எத்தனையோ பேர் தம் முதல் தளத்தை அமைத்திருந்தனர். 2009ஆம் ஆண்டு அச்சேவை அமெரிக்காவில் மூடப்பட்டபோது, படி எடுத்து வைக்காதவர்கள் எழுதியதை எல்லாம் இழக்க நேர்ந்தது. இரவல் நிலத்தில் பயிரிட்டாலும் விதைநெல் நம் வீட்டில் இருக்க வேண்டும்.

கணவாய்க்கு அப்பால்

மாணவியரே, புளியறையிலிருந்து மேற்கே செல்லும் சாலை கொல்லத்தில் போய் முடிகிறது. அந்தக் கொல்லத்தில்தான் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய இயேசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளார் தந்த நூல் அது. தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் நூல் அதுவே. மொத்தம் பதினாறு பக்கங்கள். அந்தப் பதினாறு பக்கங்களுக்காக ஈய எழுத்துகளை வார்க்க வேண்டியிருந்தது. அச்சுப்பொறியும் தாளும் கடல் கடந்து வர வேண்டியிருந்தது.

இன்று அதே மலைக்கு இப்பால் இருக்கும் நீங்கள் ஈயம் வார்க்க வேண்டியதில்லை. கப்பலுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அச்சுக்கூடம் உங்கள் விரல் நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் எதனை அச்சிடுவது என்பதை எந்தக் கருவியும் உங்களுக்குச் சொல்லித் தராது. இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியின் அருகே அமர்ந்து, ஊரைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி திறந்ததும் கணினி அறையில் முதல் வரியைத் தட்டெழுதுங்கள்.

தலைப்புக் குறியை முடிக்க மட்டும் மறவாதீர்கள்.