பள்ளி நினைவுப்பொருள்களைப் பேணுதல்: தாயில்பட்டி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பட்டாசுத் தொழில் சார்ந்த சிற்றூர்ப் பள்ளிகளின் சீருடை, ஒளிப்படம், வருகைப் பதிவேடு ஆகியவற்றைப் பேணும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. பொருளைக் காப்பதைப் போலவே அதனோடு தொடர்புடைய பெயர்களையும் காக்க வேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: தாயில்பட்டி, சீருடை, ஒளிப்படம், வருகைப் பதிவேடு, ஆவணப்படுத்தல்

முன்னுரை

விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கப்பெற்றது. காமராசர் பயின்ற பள்ளி என்பதால் அதன் வரலாறு நூல்களில் நிலைபெற்றுவிட்டது. அதே மாவட்டத்தில், வெம்பக்கோட்டை வட்டத்திலுள்ள தாயில்பட்டி போன்ற ஊர்களின் பள்ளிகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவற்றின் வரலாறு பள்ளி அலமாரிகளிலும் வீட்டுப் பெட்டிகளிலும் கிடக்கும் பொருள்களையே சார்ந்துள்ளது. இவ்வட்டத்தின் விசயகரிசல்குளத்தில் 2022 முதல் நடைபெற்ற அகழாய்வில் கிடைத்த சங்கு வளையல்களைப் போற்றும் நாம், ஐம்பதாண்டுக்கு முந்தைய பள்ளிச் சட்டையைப் பொருட்படுத்துவதில்லை.

சீருடை

பள்ளிப் பொருள்களுள் மிகக் குறைவாக எஞ்சுவது சீருடையே. அண்ணன் அணிந்ததைத் தம்பி அணிவான். பின்னர் அது அடுப்படியில் கரித்துணியாகும். ஆகவே இன்று கிடைப்பவை பெரும்பாலும் வசதியுள்ள குடும்பத்தினருடையவையாகவோ விழா நாளில் மட்டும் அணிந்தவையாகவோ இருக்கும். இச்சாய்வை ஆய்வாளர் மறத்தலாகாது. ஒட்டுப்போட்ட சட்டை கிடைப்பின் அதுவே மதிப்பு மிக்க சான்று. அதன் மைக்கறையை நீக்குதல் கூடாது. கஞ்சியிட்டுத் தேய்த்து வைப்பது பூச்சிகளை வரவழைக்கும். ஊக்கு முதலிய இரும்புப் பொருள்களை அகற்றி, கஞ்சி நீங்க அலசிய வெண்பருத்தித் துணியில் சுருட்டி வைத்தல் நன்று. மடிப்புக் கோட்டிலேயே பழந்துணி முதலில் இறும்.

ஒளிப்படம்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் உருவத்தைத் தாங்கி நிற்பது நுண்ணிய வெள்ளித் துகள். கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைத் தாக்கி, படத்தை மஞ்சளாக்கி மங்கச் செய்யும். இவ்வட்டாரத்தின் வறண்ட தட்பவெப்பம் தாளுக்கு ஓரளவு நன்மையே. ஆயினும் பட்டாசில் கந்தகம் ஒரு மூலப்பொருள் என்பதால், அதன் புகையும் தூசியும் எட்டாத இடத்தில் படங்களை வைத்தல் வேண்டும். படத்தை லேமினேஷன் செய்தல் பலர் அன்புடன் செய்யும் கேடு. பின்னர் அதைப் பிரித்தெடுக்க இயலாது. ஒட்டும் பக்கங்களையுடைய ஆல்பங்களும் அத்தகையனவே. அமிலமற்ற தாளுறையில் இட்டு, பின்புறத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் குறிப்பெழுதலாம்.

வருகைப் பதிவேடு

குழு ஒளிப்படம் வந்திருந்தவர்களை மட்டுமே காட்டும். வராதவர்களைக் காட்டுவது பதிவேடு. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறார் ஈடுபடுத்தப்பட்டமை 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற செய்தி. ஒரு பெயருக்கு நேரே தொடரும் வெற்று நாள்களும், பின்னர் அப்பெயர் அடிக்கப்பட்டிருப்பதும் அவ்வரலாற்றை ஊரளவில் ஆராய்வதற்கான தடயங்கள். நோய், இடம்பெயர்வு ஆகியனவும் காரணமாகலாம் என்பதால் வாய்மொழிச் சான்றோடு ஒப்பிட்டே முடிவுக்கு வருதல் வேண்டும். சேர்க்கைப் பதிவேடு நிலையான ஆவணம். வருகைப் பதிவேடோ குறித்த காலத்திற்குப் பின் கழிக்கப்படுவது. சீருடையைக் காட்டிலும் இதற்கே இன்று ஆபத்து மிகுதி எனக் கருதுகிறேன். இதில் சாதி, பெற்றோர் விவரங்கள் இடம்பெறுதலால் பெயர்களை மறைத்த படியையே பொதுப்பார்வைக்கு வைத்தல் முறை.

படியெடுத்தல்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறு படியற்ற ஆவணங்களும் அழிந்தன. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துப் பள்ளி மலர்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. வெடிவிபத்துகள் நேரும் தாயில்பட்டி வட்டாரத்திலும் மின்படி ஒன்று வேற்றூரில் இருத்தல் இன்றியமையாதது. ஒளிப்படத்தை 600 புள்ளியடர்த்தியில் வருடி, டிஃப் வடிவில் சேமிக்கலாம். அதன் அச்சுப்படியில் ஒவ்வொரு முகத்திற்கும் எண்ணிட்டு, அவ்வகுப்பில் பயின்ற முதியோரிடம் காட்டிப் பெயரும், பின்னர் அவர் பார்த்த தொழிலும் கேட்டெழுதுதலே முதற்பணி. துணிச்சுருளும் தாளுறையும் சில மாதம் பொறுக்கும்.