பெரிய துளையில் எர்த் இருக்கிறதா?

புதுச்சேரி நகரை அடுத்த வில்லியனூர், பாகூர் பகுதிகளில் மாட்டுக்கொட்டகை வரை பிளக் பாயிண்ட் வந்துவிட்டது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்யும் இடம் அது. ஆகவே கவனம் தேவை.

பிளக் பாயிண்டின் மேலுள்ள பெரிய துளை எர்த்துக்குரியது. எதிரே நின்று பார்த்தால் வலப்புறத் துளையில் பேஸ், இடப்புறத்தில் நியூட்ரல் வரவேண்டும். சுவிட்ச் பேஸ் கம்பியில்தான் இருக்கவேண்டும். நியூட்ரலில் இருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் சாதனத்தில் மின்சாரம் நிற்கும். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு, விளக்குக்குப் போடும் மெல்லிய கம்பி ஆகாது.

சில வீடுகளில் பெரிய துளையில் கம்பியே இராது. அல்லது, செலவுக்குப் பயந்து, பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள். பின்னது இன்னும் மோசம். நியூட்ரல் அறுந்தால் கிரைண்டரின் உலோக உடலில் 230 வோல்ட் ஏறிவிடும்.

எர்த் கம்பி தனியே, பச்சை நிறத்தில், எர்த் குழி வரை செல்லவேண்டும். குழி காய்ந்தால் கசிவு மின்சாரம் மண்ணில் சரியாக இறங்காது, பியூசும் போகாது. கடலோர மணற்பாங்கில் கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றிவருவது அவசியம்.

இத்துடன் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும், உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு பொருத்தவேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும். இணைப்பு துண்டிக்கப்படாவிட்டால் கருவியை உடனே மாற்றவேண்டும்.