முதுமையில் நமைச்சல்

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள நம் கேமரன் மலைத் தோட்டங்களில், குளிருக்கு வெந்நீர்க் குளியல்தான் முதியோருக்குச் சுகம், எனக்கும் அப்படியே. ஆனால் அன்பர்களே, வயதான தோலில் எண்ணெய்ப் பசையும் ஈரமும் குறைவு. கொதிக்கும் நீரும் சோப்பும் மிச்சத்தையும் கழுவிவிடும். பிறகு இரவெல்லாம் சொறிதல், தூக்கமின்மை, பகலில் சிடுசிடுப்பு. "வயசானா அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, ஈரம் காயுமுன் வாசலின் தடவலாம். கம்பளிக்குள் பருத்திச் சட்டை நல்லது. வீட்டில் பலருக்கும் அரித்தால் சொறிசிரங்காக இருக்கலாம். அப்போது எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். தடிப்பே இல்லாமல் வாரக்கணக்கில் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றைச் சோதிக்க டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தூக்கம் வரவழைக்கும் அரிப்பு மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரவில் எழும்போது தள்ளாடி விழக்கூடும்.